பியூலாவின் சாட்சி

மகள் அபியைத் தன் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறேன் என்று பியூலா வந்து சொன்னபோது நான் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். மழை பிடித்து மூன்றாவது நாள். இந்தக் குளிரில் மாவு பொங்காது. பொங்காத மாவை வாங்கிப்போனவர்கள் மறுநாள் வந்து என்னைத்தான் பொங்க வைப்பார்கள். அந்தக் கடுப்பில் இருந்தேன். "லீவுக்காமே?" என்று கேட்டுவிட்டு நான் பாட்டுக்குத் தேய்த்தேன்.

"லீவுக்கு இல்லக்கா. அங்கயே இருக்கட்டும். அவங்க தெருவிலேயே இருக்கற ஸ்கூல்ல சேத்துடறேன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை இங்க மாடியில நடக்கற ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வர்றப்ப கூட்டிட்டுப் போயிடுவாங்க."

கல்லை அப்படியே போட்டேன். அபிகாயிலுக்கு ஆறு வயது. அவர்களுக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.

"இன்னாடீ சொல்றே? ஆத்தாக்காரி நீ குத்துக்கல்லாட்டம் கீறே. அப்பங்காரன் கீறான். பொண்ணு இன்னாத்துக்கு இன்னொருத்தர் வூட்ல வளரணும்? அதுவும் அந்த வூட்ல?"

கடைசி வார்த்தையைத்தான் அழுத்திச் சொன்னேன். ஏனென்றால் அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் புருஷனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இரும்புலியூரில் எனக்கு லவுட் ஸ்பீக்கர் தனக்கோடி என்று பேர். அப்பேர்ப்பட்ட வாயை இரண்டு வாரமாகக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன்.

"எங்கூட இருந்தா அவ வீணாப் போயிடுவாக்கா" என்றாள் பியூலா. அழவில்லை. கரண்டு பில் கட்டிவிட்டேன் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது சந்து எங்களுடையது. கீழே என் மாவுக் கடை, பின்னால் நான் படுக்கிற அறை, மேலே நான் வாடகைக்கு விடுகிற ஒரு போர்ஷன், அதற்கும் மேலே ஷீட்டு போட்ட மொட்டை மாடி. அந்தப் போர்ஷனுக்குத் தனசிங்கும் பியூலாவும் கல்யாணமான கையோடு வந்தார்கள். எட்டு வருஷம் ஆகிறது. அவன் நாகர்கோவில் பக்கத்துப் பையன். மறைமலை நகரில் காருக்குப் பாகம் அடிக்கிற கம்பெனியில் பிரஸ் மிஷினுக்கு அச்சு மாட்டுகிற வேலை. அதிர்ந்து பேசமாட்டான். அவள் தாயில்லாப் பெண். அம்மா செத்ததும் அப்பன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டான். ஐந்து வயதிலிருந்து பெரியம்மா ஜெயசீலி டீச்சர்தான் வளர்த்தார்.

ஜெயசீலி டீச்சர் என்றால் கிழக்குத் தாம்பரம் முழுக்கத் தெரியும். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மெல்லிய குரல், சபையில் முதல் வரிசை நாற்காலி. அநாதைப் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்த புண்ணியவதி என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். என் இட்லியை மெச்சினார் என்று அவருக்குத் தனியாக ஒரு தூக்கு மாவு கொடுத்தனுப்பியவள்தான் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருஷம் மார்ச்சில்தான் மேல் வீட்டுக்குக் கேடு வந்தது. ரெண்டாவது ஷிப்டில், சாலமோன் என்கிற கூட்டாளி மிஷினுக்குள் கைவிட்டு போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கும்போது மேல் தட்டு இறங்கிவிட்டது. தனசிங் ஒரு முழத் தூரத்தில் ஸ்பானரோடு நின்றிருந்தான். சாலமோன் அங்கேயே போய்விட்டான். தனசிங்குக்கு ஒரு கீறல் இல்லை.

கீறல் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிறகுதான் ஆரம்பித்தது. கம்பெனி பஸ் சத்தம் கேட்டால் வேர்த்துக் கொட்டும். தூங்கினால் அலறுவான். என் கடை ஷட்டரை ஒருநாள் வழக்கம்போல் தடாலென்று இழுத்துவிட்டேன். மேலே மனுஷன் சாப்பாட்டுத் தட்டோடு தரையில் விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டானாம். ஆயில் வாடை வருது, ஆயில் வாடை வருது என்று கத்தினானாம். அதிலிருந்து ஷட்டருக்கு அடியில் கோணி போட்டுப் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி இறக்கினேன்.

பியூலா அவனைப் பார்த்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தூக்கிப் போடுவதற்கு முன்பே அவள் கை அவன் தோளில் இருக்கும். எப்பிடிமே உனுக்கு முன்னாடியே தெரியுது என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிடும்க்கா. காலடிச் சத்தத்துல கூடத் தெரியும்" என்றாள். ஆகா, இதுவல்லவா பெண்டாட்டி என்று தெரு முழுக்கச் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளை உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட வித்தை அது என்று இப்போதுதான் தெரிகிறது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரேஷ்மா என்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். பெரிய அதிர்ச்சி மனசில் தங்கிவிடுகிற வியாதி, பி.டி.எஸ்.டி. என்று பெயர் சொன்னார். மாத்திரையும் கொடுத்தார், வாராவாரம் உட்கார வைத்து அந்த ஒரு நாளை முதலிலிருந்து கடைசி வரை சொல்லவும் வைத்தார். முதலில் சொல்லும்போது வாந்தி எடுத்தான். பத்தாவது தடவை அழுதான். இருபதாவது தடவை சொல்லிவிட்டு டீ கேட்டானாம். இந்த வருஷம் ஜூனில் திரும்ப வேலைக்குப் போனான், பிரஸ்ஸில் இல்லை, ஸ்டோர்ஸில். சபையில் ஏறிச் சாட்சியும் சொன்னான். "சொன்னா போயிடும்க்கா. எனக்குச் சொல்லித்தான் போச்சு" என்பான். அது அவனுக்கு வேத வாக்கு ஆகிவிட்டது.

அவன் எழுந்தான், அவள் படுத்துவிட்டாள். ஒரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், குக்கர் அடிப்பிடித்தாலும் தெரியாது. மறுநாள் ஒரு தம்ளர் நகர்ந்திருந்ததற்குக் காளியாட்டம் ஆடுவாள். ஆடி முடித்துவிட்டு நூறு சாரி. என்னிடம் ஒருமுறை குழம்பு வாங்கிப்போனவள், "கோவமாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சே" என்று மூன்று நாள் வந்து கேட்டாள். எனக்குப் பல்வலி, வேறொன்றுமில்லை. தனசிங் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் என்னை விட்டுப் போய்விட்டார் என்று முடிவுகட்டுவாள். வந்து கையைப் பிடித்தால் உதறுவாள். தூக்கத்தில் அவளும் அலறினாள். ஆனால் அவளுக்கு எதுவும் நடக்கவில்லையே? எந்த மிஷினும் இறங்கவில்லையே?

"அவனுக்காச்சும் ஒரு காரணம் கீது. உனுக்கு இன்னாமே வந்துச்சு? நல்லா கீறவங்க பேஜார் பண்ணா எப்பிடி?" என்று கேட்டேன். ஆமாம், நானே கேட்டேன். அவள் தலையாட்டி, "கரெக்ட்டுதான்க்கா, சாரி" என்றாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், மேலேயிருந்து அபி கத்துகிற சத்தம் கேட்டது. உளுந்துக் கையோடு ஓடினேன். பாத்ரூம் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே பிள்ளை. வெளியே பியூலா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாளை நான்தான் திறந்தேன். அபி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாலைக் கொட்டிவிட்டாளாம், அவ்வளவுதான்.

"நான் போடலக்கா" என்றாள் பியூலா. "என் கை போட்டுச்சு. தண்டச்சோறுன்னு சொன்னேன்க்கா அவள. என் வாய்லருந்து பெரியம்மா குரல் வந்துச்சு." அப்படியே வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அபிக்குச் சோறு போட்டுத் தூங்கவைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முழுசாக இல்லை. தலையும் இல்லை, வாலும் இல்லை. பாத்ரூம், மரஸ்கேல், மிச்சச் சோறு என்று அங்கங்கே. நான் கேட்டுக்கொண்டு உளுந்து காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு நானே தாம்பரத்தில் ரயில் ஏற்றி அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். தனசிங்குக்குச் சொல்லவில்லை. சத்தியம் அன்றைக்கு ரயிலில்தான் வாங்கினாள். "அவருக்குத் தெரிஞ்சா, ஒண்ணு போயி பெரியம்மாகிட்ட சண்டை போடுவாரு. இல்ல, என்னை நம்பமாட்டாரு. ரெண்டும் என்னால தாங்க முடியாதுக்கா."

டாக்டரம்மா ஒரு மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு, பியூலா கேட்டுக்கொண்டதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசு. பொட்டுத் தூக்கம் இல்லாத கண்.

"தனசிங்குக்கு வந்ததும் இவங்களுக்கு இருக்கறதும் பக்கத்துப் பக்கத்து வியாதிம்மா. ஆனா ஒண்ணு இல்ல. இவங்களுக்கு இருக்கறதுக்குக் காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.ன்னு பேரு."

"அது பெர்சா, இது பெர்சாம்மா?"

"பெருசு சின்னதுன்னு இல்லம்மா. அந்தக் கனவு, திடுக்குனு தூக்கிப்போடறது, பழசு இப்ப நடக்கற மாதிரியே கண்ணு முன்னால வர்றது, அதெல்லாம் ரெண்டு பேருக்கும் உண்டு. ஆனா தனசிங் முப்பது வயசு வரைக்கும் நல்லா இருந்த மனுஷன். தான் யாருன்னு அவருக்குத் தெரியும். அவர் திரும்பிப் போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. இவங்க வளந்ததே அதுக்குள்ளதான். ஓட முடியாத வயசு, ஓட வேற வீடும் இல்ல. அதனால பயத்தோட நிக்காம, இவங்க தன்னைப் பத்தி நினைக்கறதே அப்படி ஆயிடுச்சு. நான் கேவலம், நான் பாரம்னு. கோவம் வந்தா அடங்காது, இல்லேன்னா மரத்துப்போயிடும். யாராவது அன்பா வந்தாலும் நம்ப முடியாது."

"கஷ்டப்பட்டு வளந்த எல்லார்க்கும் இது வருமா? நானுந்தான் அடி வாங்கி வளந்தேன்."

"எல்லாருக்கும் வராதும்மா. ஒரே நாள்ல நடந்ததுனால கூட சில பேருக்கு இது வரும். இவங்களுக்கு வந்திருக்கு. சரியாகும், ஆனா நாளாகும். முதல்ல இவங்களுக்குப் பயம் இல்லாத இடம் வேணும். புருஷனுக்குச் செஞ்ச மாதிரி எடுத்தவுடனே சொல்லு சொல்லுன்னு யாரும் பிடுங்கக் கூடாது. குழந்தைகிட்ட கைமீறிப் போற மாதிரி இருந்தா உடனே உங்களக் கூப்பிடணும், நீங்க மேல போகணும். முடியுமா?"

"மாவு பொங்கி வழிஞ்சாலும் பரவால்ல, போறேன்" என்றேன். பியூலா பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "டாக்டருக்கு எம்மேல கோவம் இல்லல்லக்கா?" என்றாள்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் என்னிடம் வந்து அபியை அந்த வீட்டுக்கு அனுப்புகிறேன் என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்? அன்று சாயங்காலம் மாடி ஏறிப் பிடித்துக்கொண்டேன். அவள் அபியின் கவுன்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன அந்தப் பாடு படுத்தனவங்ககிட்ட உன் பொண்ண எப்பிடிடீ உடுறே? வயித்துல இன்னா கல்லா கீது?"

"அவங்க அபிய ஒண்ணும் செய்ய மாட்டாங்கக்கா."

"எப்பிடித் தெரியும்?"

"என்னை அடிச்சது, நான் கெட்ட பிள்ளைங்கறதால. அபி நல்ல பிள்ளை. அவள எதுக்கு அடிக்கப்போறாங்க?"

முப்பது வயதுப் பெண், பி.எஸ்சி. படித்தவள், இதைத் தண்ணீர் நனைக்கும் என்கிற மாதிரிச் சொல்கிறாள்.

"அஞ்சு வயசுல நீ இன்னாடீ கெட்டுப் போயிருப்பே?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா. நான் அப்பவே அப்படித்தான். இல்லேன்னா எங்கப்பா விட்டுட்டுப் போயிருப்பாரா?" ஒரு கவுனை நீவினாள். "எங்கிட்ட இருந்தா நான் அவள தினம் பாத்ரூம்ல போடுவேன். எனக்குத் தெரியும். அவ பெரியம்மாகிட்ட இருந்தா நல்லா படிப்பா. என்னைப் படிக்க வெச்சாங்கல்ல?"

"ஒரு தபா தாப்பா போட்ட. அதுக்கே குடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்த. அவங்க என்னிக்காச்சும் வாந்தி எடுத்தாங்களா?"

மடித்த கவுனைப் பிரித்தாள். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்; லீவில் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

தனசிங்கிடம் சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை தாயை விட்டு ஏங்கிப்போகும் என்றேன். "பியூலாவே கேக்கறாக்கா. அவளுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு. பெரியம்மா மாதிரி ஒருத்தங்க கெடைக்கணுமே" என்றான். பிறகு முகமெல்லாம் வெளிச்சமாக, "கூட்டத்துல அவளயும் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கேன். மனசுல எதுவோ இருக்கு அவளுக்கு. சொல்லிட்டா போயிடும்" என்றான். நல்லவன்தான். நல்லவர்கள் செய்கிற அக்கிரமத்துக்கு எந்தக் கோர்ட்டில் பிராது கொடுப்பது? என் நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம், சத்தியம் என்று விழுங்கினேன். விழுங்கியது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இந்தச் சாட்சி சொல்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் சபையில் வருஷப் பிறப்புக்கு, பிறந்தநாளுக்கு, பிழைத்து எழுந்ததற்கு எழுந்து நின்று கடவுள் செய்ததைச் சொல்லி நன்றி சொல்வார்கள். நல்ல வழக்கம்தான். எனக்கே கேட்கப் பிடிக்கும். ஆனால் பியூலா ஆறு வயதிலிருந்து வருஷா வருஷம் ஸ்டூலில் ஏறி நின்று ஒரே சாட்சியை ஒப்பித்திருக்கிறாள். எழுதிக்கொடுத்தது டீச்சர். ஒரு வார்த்தை தவறினால் அன்றைக்குச் சோறு கிடையாது. இதை அவள் அந்த ரயிலில் சொன்னாள், பல்லாவரம் தாண்டும்போது.

தனசிங் தேறி எழுந்ததற்கு நன்றி சொல்ல ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். விடியலிலேயே எழுந்து முந்நூறு இட்லிக்கு மாவு பார்த்தேன், வடகறி என் கையால் வைத்தேன். கடலைப்பருப்பு வடையைப் பொரித்து உதிர்த்துப் போட்டதில் பட்டை சோம்பு வாசம் தெரு முனை வரை போனது. மொட்டை மாடியில் ஐம்பது நாற்காலி. ஷீட்டு மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மைக் வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. முதல் வரிசையில் ஜெயசீலி டீச்சர், வெள்ளையில் நீலக் கரை போட்ட புடவை. என்னைப் பார்த்து, "தனக்கோடி, இட்லி வாசனை மேல வரைக்கும் வருது" என்று சிரித்தார். சிரிப்பு பழைய சிரிப்புதான். எனக்குத்தான் உடம்பு கூசியது.

பாட்டு, ஜெபம், பிறகு தனசிங் சாட்சி சொன்னான். தெளிவாகச் சொன்னான். சாலமோன் பேர் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று மேலே போனான். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். "இப்ப என் மனைவி" என்று மைக்கை நீட்டினான்.

"பியூலா நல்லா சொல்லுவா. நான் பழக்கினதுதான்" என்றார் டீச்சர், பக்கத்திலிருந்த பாஸ்டரம்மாவிடம்.

பியூலா மைக்கை வாங்கினாள். அவள் பாதம் இரண்டும் ஒட்டிக்கொண்டன. முதுகு நிமிர்ந்தது. வாயைத் திறந்தாள், வந்தது அவள் குரல் இல்லை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்குமே, அந்தக் குரல். "தாயில்லாத என்னைத் தெருவில் விடாமல், தன் வீட்டில் சேர்த்து, உணவும் உடையும் கல்வியும் கொடுத்து, என் குற்றங்களைப் பொறுத்துக்கொண்ட என் பெரியம்மாவுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஐம்பது பேரும் ஸ்தோத்திரம் என்றார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். தனசிங் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். பியூலாவின் கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. இறங்கவும் தெரியாமல் மைக்கோடு நின்றாள்.

டீச்சர் எழுந்தார். "சின்னவளும் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று அபியைத் தூக்கி நாற்காலி மேல் நிறுத்தினார். "பாட்டி சொல்லச் சொல்ல சொல்லணும். என்னைத் தன் வீட்டில்..."

"என்னைத் தன் வீட்டில்" என்றாள் அபி.

"சேர்த்துக்கொள்கிற..."

அபிக்கு அந்த வார்த்தை வரவில்லை. சேத்துக்கோ, சேத்துக்கோ என்று திக்கினாள். கூட்டம் செல்லமாகச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிள்ளையின் புஜத்துக்குப் பின்னால், அக்குளுக்குப் பக்கத்தில், கையை வைத்தார். அணைத்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. அபி அழவில்லை. சட்டென்று மூச்சை இழுத்துக்கொண்டு, சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

"வேணாம்."

மைக்கில் வந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பியூலா சொன்னதுதான். அவள் சொந்தக் குரல், கரகரவென்று. மைக் கீழே விழுந்து கீச்சிட்டது. அவள் வந்து அபியை நாற்காலியிலிருந்து வாரி எடுத்தாள். "அவ வரமாட்டா" என்றாள். சொன்னதும் டீச்சர் முன்னால் மண்டி போட்டுவிட்டாள். "மன்னிச்சிடுங்க பெரியம்மா. மன்னிச்சிடுங்க. நான் கெட்டவ. நன்றி கெட்டவ. மன்னிச்சிடுங்க" என்று ஒரு கையால் அவர் பாதத்தைத் தொடுகிறாள். இன்னொரு கை அபியை உடும்பாகப் பிடித்திருக்கிறது.

"பாத்தீங்களா, பியூலாவுக்கு உடம்பு சரியில்ல" என்றார் டீச்சர் எல்லாரையும் பார்த்து, மெல்லிய குரலில். "இதுக்குத்தான் நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். விடும்மா. குழந்தைய விடு." குனிந்து அபியின் கையைப் பிடித்தார். பியூலா மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று அழுகிறாள், விடவில்லை. பாஸ்டர் ஜெபம் செய்யலாம் என்றார். தனசிங் முகம் செத்துப்போய், "பியூலா, விடு. எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

நான் கரண்டியோடு நடுவில் போய் நின்றேன். சத்தியத்தை மீறவில்லை. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. "இந்த வூட்டுச் சொந்தக்காரி சொல்றேன். அந்தப் பொண்ணு மேல, கொயந்த மேல யாரும் கைய வெக்கக் கூடாது. கூட்டம் முடிஞ்சிச்சு. கீழ நாஸ்தா ரெடியா கீது. துன்றவங்க துன்னுட்டுக் கெளம்புங்க. டீச்சரம்மா, உங்களுக்கு ஆட்டோ நானே சொல்றேன்."

ஜெயசீலி டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். அப்போது சிரிப்பு இல்லை. பியூலா பதினேழு வருஷம் பார்த்த முகத்தை நான் அரை நிமிஷம் பார்த்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பின்னாலேயே பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். வளர்த்தவளை நடுச்சபையில் அவமானப்படுத்திவிட்டாள் என்று படியில் இறங்கும்போதே பேச்சு. நாளைக்குத் தாம்பரம் முழுக்க இதுதான் ஓடும்.

ஆறு மணிக்கு மாடியில் நாங்கள் மூன்று பேர்தான். அபி கீழே என் கட்டிலில் தூங்கிவிட்டாள்; புஜத்தின் பின்னால் பார்த்தேன், பிறை மாதிரி நகத்தடம் சிவந்திருந்தது. பியூலா ஈரத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தனசிங் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தான். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினான். பிறகு வந்து அவள் எதிரில் நின்றான்.

"அவங்க உனக்கு என்ன செஞ்சாங்க பியூலா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"நல்லா வளக்கல" என்றாள்.

"நல்லா வளக்கலன்னா? என்ன நடந்துச்சு? என்னிக்கு? எனக்கு நடந்ததை நான் சொன்னேன்ல? மார்ச் பதினாலு, ரெண்டாவது ஷிப்ட், ஆறு அம்பது. அது மாதிரி சொல்லு. எனக்குப் புரியணும். ஒரே ஒரு நாள் சொல்லு, நான் நம்பறேன்." அதட்டவில்லை. கெஞ்சினான். எனக்கு அவன் மேலும் பரிதாபமாக இருந்தது.

அவள் தேடினாள். நிஜமாகவே உட்கார்ந்து தேடினாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அப்படி ஒரு நாள் அவளுக்கு அகப்படவில்லை.

"திங்கக்கிழமை" என்றாள் கடைசியில்.

"எந்தத் திங்கக்கிழமை?"

"எல்லாத் திங்கக்கிழமையும். யூனிபார்ம் பாப்பாங்க. கறை இருந்தா பாத்ரூம்ல உக்காந்து தோய்க்கணும். போற வரைக்கும் வெளிய தாப்பா. லைட்டு சுவிட்சும் வெளியதான்." மூச்சு வாங்கினாள். "செவ்வாக்கிழமை அண்ணனுங்க டிபன் பாக்ஸ் கழுவணும். அதுல மிச்சம் இருக்கறதுதான் எனக்கு ராத்திரிக்கு. மிச்சம் இல்லன்னா இல்ல. புதன்கிழமை ஜெபத்துக்கு லேடீஸ் வருவாங்க, நான் டீ குடுக்கணும். அவங்க போனப்புறம், நான் எத்தனை தடவை சிரிக்கலன்னு பெரியம்மா சொல்லுவாங்க. அத்தனை அடி, ஸ்கேல்ல."

"போதும்" என்றான் தனசிங்.

"சரிங்க. சாரி." அந்த நொடியே நிறுத்திவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டத்தில் அபி சிரித்த அதே சிரிப்பு.

அவனும் அதைப் பார்த்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில், தொடாமல், ஒரு முழம் விட்டு ஈரத்திலேயே உட்கார்ந்தான்.

"போதும்னு சொன்னது தப்பு. எனக்குத் தாங்கல, அதான். உன்னை இல்ல. முடிஞ்சா சொல்லு, இல்லேன்னா வேணாம். வியாழக்கிழமை?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கோபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள். மழை விட்டுவிட்டது.

"வியாழக்கிழமை அவங்க ரொம்ப நல்லா இருப்பாங்க" என்றாள். "எண்ணெய் தேச்சுத் தலை பின்னி விடுவாங்க. மடியில படுக்க வெச்சுப்பாங்க. அன்னிக்குத்தான் எனக்கு ரொம்ப பயமா இருக்கும்."